மலைக்குப் போக வேண்டிய வண்டி

மலையில் ஓட்டுவதற்கான சைக்கிளை ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு தேர்ந்தெடுத்த ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். எங்கள் ஊர் தோணிரேவில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஐஸ் கம்பெனி வாசலில் லோடு ஏற்றும் சாய்வு ஒன்று இருக்கிறது. பழவேற்காட்டில் ஏரிக்குக் குறுக்கே பாலம் இருக்கிறது. பாலம் தாண்டினால் மணல்மேடு, சவுக்குத் தோப்பு, கடல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு என் புருஷன் இளவழகன், எந்த வண்டி செங்குத்தான பாறையில் ஏறும், எது இறங்கும் என்று சோதனை போட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டுக் கதையாக இருந்திருந்தால் நானும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

வண்டிகளை அனுப்பியவர் கவியரசன் அண்ணன். ஏலகிரியில் சைக்கிள் முகாம் நடத்துகிறவர். சனி, ஞாயிறு ஆனால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். தலையில் கவசம், முட்டியில் கவசம், முழங்கையில் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, வேரும் கல்லுமாகக் கிடக்கிற காட்டுப்பாதையில் தலைதெறிக்க இறங்குவார்கள். காசு கொடுத்துக் கீழே விழ வருகிறவர்கள் என்று நான் சொல்வேன். அவர்களுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போய், எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே பிரேக்கை விட வேண்டும் என்று காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் இளவழகன் இருந்தான்.

மீன்பிடிக்கிற ஊர்க்காரன் மலைக்கு எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். முகாமுக்கு மீன் குழம்பு வைக்கப் போனான். சமையல் முடிந்த மத்தியானங்களில், வந்தவர்களின் சைக்கிளை ஓரமாக வாங்கி ஓட்டிப் பார்த்தான். ஆடுகிற படகில் நின்றுகொண்டு வலை இழுத்தவனுக்குச் சமநிலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்குள் கரண்டியைப் பிடுங்கிவிட்டுக் கவியரசன் அண்ணன் அவனை முன்னால் ஓட விட்டார். நான் ஆரம்பாக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு மலைக்குத்தான் போனேன். முகாமுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே வரும். சமையல் வேலை எனக்கு வந்தது, சம்பளம் என் கையில் வந்தது. அந்த அறையில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பிறகு விழுந்தான். ஈரப்பாறையில் பின்னால் வந்த ஒருத்தன் பிரேக் பிடிக்காமல் வந்து மோதி, இவன் வலது முட்டி கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். நடக்கலாம், குனியலாம், மேட்டில் பெடலை அழுத்தத்தான் முடியாது. அழுத்தினால் ராத்திரிக்குள் முட்டி வீங்கிவிடும். நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு தோணிரேவுக்கு வந்து சேர்ந்தோம். முகாமில் சமையலுக்கு வேறு ஒரு குடும்பம் வந்துவிட்டது.

இங்கே வந்த பிறகு நான் செய்கிற வேலை, கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற பெண்களிடம் அதை வாங்கி, தரம் பிரித்து, ஏலத்துக்குக் கொண்டுபோவது. முகத்துவாரம் மண் அடைத்து, கடல்தண்ணீர் உள்ளே வராமல், இறாலும் வருவதில்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அதைப் பாடு என்பார்கள். கல்யாணமான ஆண்பிள்ளை பெயர் கொடுத்தால் அந்த முறையில் சேர்த்துக்கொள்வார்கள். என் மாமனார் தாமோதரன் மகன் பெயரைக் கொடுக்கவில்லை.

"மலைக்குப் போறவன் பேரு இங்க இன்னாத்துக்கு?" என்றார் ஊர்க்கூட்டத்தில். "காலு சரியானா போயிட்டே இருப்பான். இந்தச் சேத்துல கெடக்கறது என்னோட முடியட்டும்."

அவருக்கு வாய் பெரிது. ஆனால் மகன் இந்த ஏரியை விட்டுப் போக வேண்டும் என்று என்னைவிட அதிகமாக நினைத்த ஆள் அவர் ஒருவர்தான்.

இந்த நிலைமையில்தான் கவியரசன் அண்ணனின் போன் வந்தது. இப்போது மலைக்கு வருகிறவர்கள் எல்லாம் மோட்டார் வைத்த சைக்கிள்தான் கேட்கிறார்களாம். பெடலை மிதிக்க மிதிக்க மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். "கால் பாதி போட்டா போதும் இளா, மீதிய அது போடும். கம்பெனிக்காரங்க ரெண்டு வண்டி ஓட்டிப் பார்க்கக் குடுத்திருக்காங்க. ரெண்டையும் அனுப்பறேன். எது உன் முட்டிக்கு ஒத்துக்குதோ அத எடுத்துக்க. சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள சொல்லு. வண்டி ஒத்துக்கிச்சுன்னா வேலை உன்னுது, ரூமும் உன்னுது."

ஆகவே விஷயம் இதுதான். ஒரு சைக்கிள் ஒத்துக்கொண்டால் நாங்கள் மலைக்குப் போவோம். இல்லாவிட்டால் ஏரி.

வந்த இரண்டில் ஒன்று நீலம், ஒன்று சாம்பல். விலையைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நான் புளுகுகிறேன் என்பீர்கள். நீலம் எருமை மாதிரி கனம். பெடல் இருக்கும் இடத்திலேயே பெரிய மோட்டார், சட்டத்தின் வயிற்றுக்குள் தடித்த பேட்டரி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாயும் என் முன்கை அளவு. அழுத்தினால் ஒரு சாண் உள்ளே போய் மெதுவாக எழும்பும். சாம்பல் வண்டி லேசு. நான் தனியாகவே தூக்கி வாசற்படி ஏற்றிவிட்டேன். மோட்டார் சின்னது, பேட்டரி சின்னது. பார்க்க லட்சணமாக இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். நல்லவேளை என்னைக் கேட்கவில்லை.

ஊர் முழுக்க வந்து பார்த்தது. எதிர்வீட்டுப் பச்சைமுத்து, சொந்தப் படகுக்காரர், இடுப்பில் கை வைத்து நின்று கேட்டார். "எத்தினி எச்.பி.?"

"எச்.பி. கணக்கு இல்ல மாமா. கணக்குப் போட்டா ஒரு எச்.பி.ல மூணுல ஒரு பங்கு வரும்" என்றான் இளவழகன்.

"ஒரு குதிர கூட இல்லியா? மூணுல ஒரு பங்கு குதிரய வெச்சிகினு இன்னாடா மலை ஏறுவ? அதுக்கா இம்மாம் பெரிய டயரு?"

கூட்டம் சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீல வண்டியின் மோட்டாரை விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். படகு என்ஜின் அவருக்குக் கைவந்த வேலை. அவரோடு வாங்கிய மற்றவர்களின் என்ஜின்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தும் அவருடையது இன்னும் ஒரே இழுப்பில் கிளம்பும். ஊரில் யார் என்ஜின் முரண்டு பிடித்தாலும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

முதலில் சாம்பலை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனோம். அவன் ஓட்ட, நான் பின்னால் ஷேர் ஆட்டோவில். அடியிலிருந்து கிளம்பினால் சாம்பல் நன்றாகத்தான் ஏறியது. நடு மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்புவதுதான் சோதனை. மலையில் அடிக்கடி அப்படித்தான் நடக்கும், பின்னால் வருகிறவன் விழுவான், நின்று பார்க்க வேண்டும், நின்ற இடத்திலிருந்தே கிளம்ப வேண்டும். நிறுத்தினான். கிளம்ப முட்டியை ஊன்றி அழுத்தினான். சின்ன மோட்டார், நீ கொஞ்சம் கொடு, அப்புறம் நான் கொடுக்கிறேன் என்றது. அந்தக் கொஞ்சத்தைத்தான் அவன் முட்டியால் கொடுக்க முடியவில்லை. பாலத்து மேலே ஐந்தாறு தடவை செய்து பார்த்தான். வீடு வருவதற்குள் முட்டி பப்பாளி மாதிரி ஆகிவிட்டது. ஐஸ் கம்பெனியில் மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்கி வந்து துணியில் கட்டி வைத்தேன்.

"இதான் ஒனக்குப் புடிச்ச வண்டி" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா கெட. கலரு நல்லா கீதுன்னு சொன்னேன், அதுக்கு உன் காலக் குடுன்னா சொன்னேன்?"

வீக்கம் வடிந்ததும் நீலத்தை எடுத்தோம். அதே பாலம், அதே நடு மேடு. பெடலில் காலை வைத்துச் சும்மா தொட்டான். வண்டி முன்னால் பாய்ந்தது. தொட்டதற்கே அவ்வளவு இழுப்பு. உச்சியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் நீலத்தில் வேறு ஒரு வம்பு. விழுந்தால் தூக்க வேண்டும். முரட்டுப் பாதையில் விழாமல் ஓட்டுகிறவன் என்று ஒருத்தன் கிடையாது. அந்த எருமையைச் சரிவில் நின்றுகொண்டு, ஒற்றைக் காலில் பலத்தை வைத்துத் தூக்க முடியுமா? கடலரிப்புக்காகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கும் இடத்துக்குப் போனோம். எங்கள் ஊரில் பாறைக்காடு என்று சொல்ல அது ஒன்றுதான். வேண்டுமென்றே வண்டியைக் கல்மேல் சாய்த்துப் போட்டுவிட்டுத் தூக்கிப் பார்த்தான். முதல் நாள் முடியவில்லை. இரண்டாம் நாள் இடது காலை ஊன்றி, இடுப்பை வண்டிக்கு அடியில் கொடுத்து, படகைக் கரையேற்றும்போது முதுகு கொடுக்கிற மாதிரி கொடுத்தான். வண்டி எழுந்தது. கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திப் பிடித்தால் வண்டி தானே நடக்கும், நாம் பிடித்துக்கொண்டு கூட நடந்தால் போதும். அந்தப் பொத்தானை வைத்துக் கல்மேட்டில் ஏற்றினான்.

மணல்மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கிறது, சவுக்குத் தோப்பில் வேர்மேல் ஏறும்போது பின்சக்கரம் எப்படி அமுங்குகிறது, பேட்டரி எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று தினமும் ஏதாவது ஒன்றைப் பார்த்தான். நான் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் தோப்புக்குள் நுழைந்து, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, மணலைச் சீறி அடித்துக்கொண்டு வெளியே வருவான். வந்து நின்றதும் முதலில் நாங்கள் இருவரும் முட்டியைத்தான் பார்ப்போம். வீக்கம் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க வீங்கவே இல்லை.

"நீலம்தான்" என்றான் ஒரு சாயங்காலம்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிற பொம்பிளைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் அழுதேன். வீட்டுக்கு வந்து பெட்டியில் கம்பளியை எடுத்து உதறி வெயிலில் போட்டேன். கவியரசன் அண்ணனுக்குச் சொன்னோம். வெள்ளிக்கிழமை பிக்கப் வண்டி எடுத்துக்கொண்டு தானே வருகிறேன் என்றார்.

"எது எடுத்துகினு போற?" என்று கேட்டார் மாமனார்.

"நீலம் நைனா."

"அதான் சரி. தட்டும்போதே தெரிஞ்சுது எனக்கு. சாம்பலு டப்பா." பிறகு வண்டியைச் சுற்றி வந்து மூக்கைச் சுளித்தார். "இன்னாடா இது, எங்க பாத்தாலும் உப்பும் மணலுமா கீது. ஈரத் துணிய வெச்சித் தொடச்சிகினு கீற, கொயந்தைக்கு மூக்கு தொடைக்கிற மாரி."

"அது போதும் நைனா" என்றான் இவன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை நாங்கள் பொன்னேரிக்குப் போனோம். முட்டியைக் கடைசியாக ஒரு தரம் டாக்டரிடம் காட்ட வேண்டும், எனக்கு இரண்டு புடவை, மலைக்குப் போகக் கொஞ்சம் கருவாடு. டாக்டர் அழுத்திப் பார்த்து, மோட்டார் வண்டி என்றால் ஓட்டலாம், ஆனால் முட்டிக்குப் பாரம் கொடுக்காதே என்றார். பஸ்ஸில் வரும்போது, அந்தப் பழைய அறையில் கட்டிலை எந்தச் சுவர் பக்கம் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

வாசலில் மாமனார் காத்துக்கொண்டிருந்தார். லுங்கி முழுக்க நனைந்திருந்தது.

"வாங்க வாங்க. வந்து பாருங்க ரெண்டு பேரும்."

நீல வண்டி வாசல் நடுவில் நின்றது. அப்படி ஒரு பளபளப்பு. கம்பெனிக்காரன் கொடுத்தபோதுகூட அப்படி இருந்திருக்காது. பக்கத்தில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம், கலங்கிய தண்ணீரோடு.

கடலுக்குப் போய் வந்த என்ஜினை எங்கள் ஊரில் அப்படியே விடமாட்டார்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அதன் அடிப்பாகத்தை இறக்கி, கொஞ்ச நேரம் ஓட விடுவார்கள். உள்ளே போன கடல்தண்ணீரை நல்ல தண்ணீர் வெளியே தள்ளிவிடும். அதைச் செய்கிறவன் என்ஜின் பிழைக்கும், சோம்பேறியின் என்ஜினை உப்பு தின்றுவிடும். என் மாமனார் தன் என்ஜினுக்கு ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. அவர் என்ஜின் இன்னும் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

"உப்பு துளி கூட கெடையாது" என்றார். "போர் தண்ணி உப்பா கீதுன்னு, குடிக்கிற கேன் தண்ணிய வாங்கியாந்து ரொப்பினேன். மோட்டார் முங்கற அளவுக்கு எறக்கி, பெடல கையால சுத்திகினே ஓட்டினேன். உள்ள இருந்து இன்னா அழுக்கு தெரியுமா வந்துச்சு! மலைக்குப் போற வண்டிய உப்போட அனுப்பலாமா? லைட்டெல்லாம் எரிஞ்சிகினே இருந்துச்சு. அப்பால அதுவா அணைஞ்சிப் போச்சு, தூங்கற மாரி. சக்கரத்துல ரெண்டு தட்டு கீதே, அதுக்கும் எண்ண பூசிட்டேன். துரு புடிக்காது."

அந்தத் தட்டுகள் பிரேக் தட்டுகள். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. ஆனால் அது இப்போது ஒரு பொருட்டே இல்லை.

இளவழகன் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினான். ஒன்றும் எரியவில்லை. கட்டைவிரலால் மறுபடி அழுத்திப் பிடித்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். மாமனாரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல வார்த்தைக்காக.

"சூப்பரா கீது நைனா" என்றான்.

வண்டியை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினான். சட்டத்தைத் திறந்து பேட்டரியை உருவினான். அதோடு கூடத் தண்ணீரும் வந்து தரையில் ஊற்றியது. பேட்டரி பொருத்தும் இடத்தில் பித்தளைப் பற்கள் கருகிக் கிடந்தன. நான் வாயைத் திறந்தேன். ஈரக் கையால் என் வாயைப் பொத்தினான்.

"மூச்சு வுடாத."

"இன்னா மூச்சு வுடாத? உங்க நைனா கெடுத்து வெச்சிக்கிறாரு, அவராண்ட சொல்லாம..."

"சொல்லி?"

"சொன்னா கவியரசன் அண்ணனாண்ட அவரே பேசட்டும். தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லட்டும். பெரியவரு கேட்டா அண்ணன் மனசு எறங்கும்."

"மஞ்சு, நான் இங்கருந்து போவணும்னு அவரு எத்தினி வருசமா சொல்லிகினு கீறாரு. கடைசில அவரு கையாலயே அது கெட்டுச்சுன்னு தெரிஞ்சா அவரு இன்னா ஆவாரு? எனக்கு முட்டி போச்சு, போவட்டும். அவர அப்டி பாக்க என்னால முடியாது."

"அப்ப என்னய பாக்க முடியுமா உன்னால?" என்றேன். அவன் குனிந்து தரையில் கிடந்த தண்ணீரைத் துணியால் ஒற்ற ஆரம்பித்தான். எனக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் அது இன்னும் ஏறியது.

அரிசி மூட்டைக்குள் பேட்டரியைப் புதைத்தோம். மோட்டாருக்கு நேராக ஃபேனை வைத்தோம். செத்த பேட்டரியை அரிசி எழுப்புமா? எழுப்பவில்லை. காலையில் கவியரசன் அண்ணனுக்குப் போன் போட்டு, வண்டியை ஏரியில் விட்டுவிட்டேன், என் தப்புதான் என்று சொன்னான் இளவழகன். மறுமுனையில் கத்தினது எனக்கே கேட்டது.

பிக்கப் வந்து நின்றபோது கவியரசன் அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இறங்கின வேகத்தில் திட்டியிருப்பார். அதற்குள் மாமனார் வெள்ளை வேட்டியும் துண்டுமாக எதிரே போய்க் கும்பிட்டார்.

"வாங்க சார். வண்டிய பாருங்க, புத்தம் புதுசா கீது. நம்ம என்ஜின கழுவற மாரியே டிரம்முல எறக்கி ஓட்டிக் கழுவினேன். நானே பண்ணேன். என் புள்ளைக்கு வேல குடுக்கறவரு வண்டி, உப்போட அனுப்பலாமா?"

கவியரசன் அண்ணன் வண்டியைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். பிறகு இளவழகனைப் பார்த்தார். அவர் மலைக்காரர், ஆனால் புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. இளவழகன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா" என்றார் அவர்.

மாமனார் டீ வாங்கப் போனதும், வலை காயப்போடுகிற கொட்டகைக்குப் பின்னால் கவியரசன் அண்ணன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது.

"நீ ஏரியில போட்டிருந்தா உன்னத் திட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப நான் யாரத் திட்டறது? கம்பெனிக்காரங்க குடுத்த வண்டி இது. இன்னொண்ணு குடுங்கன்னு கேட்க எனக்கு வாய் இல்ல இளா. அவங்களுக்கு இதுக்குப் பதில் சொல்றதே எனக்குப் பெரும்பாடு. சாம்பல் வண்டி நல்லாத்தானே இருக்கு? அதுல வர்றியா?"

ஆமாம் என்று சொல் என்று நான் மனசுக்குள் கத்தினேன். பொய் சொல். மலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அதுல மேட்டுல நின்னு கெளம்ப முடியாதுண்ணா" என்றான் இளவழகன். "காலு வராது. எனக்குப் பின்னால நாலு பேரு வருவாங்க. நான் நடு வழியில சாஞ்சேன்னா அவங்களும் என் மேல தான் வந்து விழுவாங்க. எனக்கு நடந்தா மாரி வேற யாருக்காச்சும் நடக்கணுமா?"

கவியரசன் அண்ணன் பிக்கப் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். அடுத்த வாரம் சீசன் ஆரம்பம், ஆள் இல்லாமல் முடியாது, ஜவ்வாது மலைப்பக்கத்துப் பையன் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றார். சமையல் வேலை இருக்கிறதா என்று நான் வெட்கம் விட்டுக் கேட்டேன். பட்டும் படாமல் தலையை ஆட்டினார். "பார்க்கலாம்மா, பின்னால ஏதாவது வந்தா பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும். இரண்டு வண்டிகளையும் பிக்கப்பில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கயிறு கட்டியதே என் மாமனார்தான். ஆடாமல் போக வேண்டுமே என்று ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சு போட்டார்.

பிக்கப் கிளம்பிப் போனது. மாமனார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, நீ ஏறல?"

"எனக்கு மலை வேணாம் நைனா" என்றான் இளவழகன். இதைச் சொல்வதற்கு அவன் முன்னமே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். "குளிரு ஒத்துக்கல. இங்கியே ஏதாச்சும் பாத்துக்கறேன்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் காலடியில் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பாடு முறையில் மாமனார் மகன் பெயரைக் கொடுத்தார், கொடுக்கும்போது தலை நிமிரவில்லை என்று பச்சைமுத்து சொன்னார். சரியான இடத்தில் முறை வருகிற நாளிலும் வலையில் நண்டுக்குஞ்சுதான் வருகிறது. இளவழகன் அந்த முட்டியை வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, ஏறி, வீங்கின காலோடு வருகிறான். ஐஸ் கட்டுவது என் வேலை. வாசலில் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் மாமனார் ஆரம்பித்துவிடுவார்.

"வண்டி ரெடி. வேல ரெடி. தங்க எடம் ரெடி. அந்த வண்டிய நான் எப்டி கழுவிக் குடுத்தேன் தெரியுமா? இந்த நாயிக்கு ஒடம்பு வளையல. குளிராம். கடல்ல பொறந்தவனுக்குக் குளிராம், பேஜாரா கீது."

இவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும். சில நாள் அரிவாள்மணையைப் போட்டுவிட்டு எழுந்து போய், கிழவனின் முகத்துக்கு நேராக எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். சொன்னால் இவன் மானம் மீளும், அவர் மானம் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். மலை எப்படியும் இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம். நான் வாசலில் இறால் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரிப்பதற்கு ஒரு தட்டு அளவுகூட இல்லை. இளவழகன் கொஞ்சம் தள்ளி, காலை நீட்டிப் போட்டு, முட்டியில் ஐஸ் மூட்டையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். மாமனார் என்னருகே வந்து குந்தினார். அவர் என்னிடம் அப்படிக் குரலை இறக்கிப் பேசி நான் கேட்டதில்லை.

"மஞ்சு, நீ அங்க இருந்தவ. உனக்குத் தெரியும். நெசத்தச் சொல்லு. அந்த வண்டிய நான் கழுவினதுல எதனா கொற இருந்துச்சா? அதனால தான் இவன் வேணாம்னுட்டானா?"

எத்தனை நாளாக அதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாரோ. கண் இரண்டும் என் முகத்திலேயே இருந்தது. வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்தப் பக்கம் இளவழகன் கண்ணைத் திறந்திருந்தான்.

"ஒரு கொறயும் இல்ல மாமா" என்றேன். "உங்கள மாரி யாரும் கழுவ முடியாது."

அவர் பெருமூச்சு விட்டார். மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தவர் மாதிரி, முகமே மாறிப்போனது. பிறகு மகன் பக்கம் கையை நீட்டினார்.

"அப்ப இவன் தான் ஒதவாதவன். இல்ல?"

இளவழகன் என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல் என்பது போலத் தலையை அசைத்தான்.

"ஆமா மாமா" என்றேன்.